நீலகிரி மலை ரயில் பெட்டி: செய்யும் முன்னும் ஏறும் முன்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலமும் பாலாடை நிறமும் பூசிய அந்தச் சின்னப் பெட்டியை மாதிரியாகச் செய்து பார்க்க ஆசைப்படாத ரயில் பிரியர்கள் குறைவு. ஆனால் பெரும்பாலோர் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். நாலைந்து படங்களைச் சேர்த்துக்கொண்டு முதலில் பிளாஸ்டிக் தாளை வெட்டுகிறார்கள். ரயிலில் ஏறுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். என் முதல் பெட்டியும் அப்படிப் பிறந்ததுதான். மேட்டுப்பாளையத்தில் ஒருமுறை ஏறி இறங்கிய பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்று செய்தேன்.

பயணத்தில் நடக்கும் முதல் தவறு இன்ஜினை முன்னால் தேடுவது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது இன்ஜின் கடைசியில் நின்று பெட்டிகளைத் தள்ளும். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையில் ஏற்றம் 12.5-க்கு 1 வரை போகிறது. அந்தச் சரிவில் ஓர் இணைப்பு கழன்றாலும் பெட்டி உருண்டு போகக் கூடாது என்பதால் இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். மாலையில் இறங்கும்போது அதே இன்ஜின் முன்னால் இருக்கும். இன்ஜினோடு சேர்த்து வளைவுகளைப் படமெடுக்க நினைப்பவர்கள் இதை மனதில் வைத்து இருக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது, ஊட்டி வரை நீராவிதான் என்று நம்பிக் குன்னூரில் ஏறுவது. குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜின்தான் வழக்கமாக இழுக்கிறது. இன்ஜினின் பற்சக்கரம் கடித்து ஏறும் பல் தண்டவாளமும் அங்கே கிடையாது. பாதை 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் திறக்கப்பட்டது. நீராவியும் பற்சக்கரமும் வேண்டுமென்றால் கீழ்ப்பாதியை விடக் கூடாது. கல்லாற்றைத் தாண்டியதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இந்த எக்ஸ் வகை இன்ஜின்களுக்கு நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டுமே வேலை செய்யும். பல் தண்டவாளத்தில் ஏறியதும் அவை பயன்படுத்திய நீராவி மற்ற இரண்டுக்கும் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும். மூச்சின் தாளமே மாறிவிடும். எனக்கு அந்தப் பயணத்தில் மிகப் பிடித்த இடம் அதுதான். அந்த நேரத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் பாதை மூடப்படுவது அடிக்கடி நடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை டிக்கெட் எடுக்கும் முன் ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 16 சுரங்கங்கள் உள்ள பாதை. பாறைச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் வரும். தலையையும் போனையும் வெளியே நீட்டாதீர்கள்.

மாதிரி செய்பவர் கொண்டுபோக வேண்டியது அளவு நாடா, நோட்டு, கோடு போட்ட ஒரு மீட்டர் குச்சி. இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் நிலையங்களில் இறங்கிப் பார்க்க நேரம் கிடைக்கும். கார்டிடம் கேட்டுக்கொண்டு நடைமேடைப் பக்கமிருந்தே அளக்கலாம். பெட்டிகளுக்கு இடையில் நுழையவே கூடாது. படமெடுக்கும்போது கோணலாக நின்று அழகாக எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அளவெடுக்க உதவும் படம் அழகாக இருக்காது: ஜன்னல் உயரத்தில் கேமராவைப் பிடித்து, பெட்டிக்கு நேர் எதிரே நின்று, குச்சியைப் பக்கத்தில் சாய்த்து வைத்து எடுக்க வேண்டும்.

இனி மேசைக்கு வருவோம். நான் பார்த்த மாதிரிகளில் கண்ணை உறுத்துவது தண்டவாள அகலம். கடையில் எளிதாகக் கிடைப்பது 16.5 மி.மீ. பாதை. அதன் மேல் 1:87 அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு) மலை ரயில் பெட்டியை வைத்தால் 1435 மி.மீ. பாதையில் ஓடுவதுபோல் ஆகிவிடும். நீலகிரி மீட்டர் பாதை. 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5, ஆகவே 12 மி.மீ. பாதைதான் சரி. 16.5 மட்டுமே கையில் இருக்கிறதா? பெட்டியை 1:64 அளவுக்குப் பெரிதாக்குங்கள். கணக்கு 15.6 வரும், ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. அகலப் பாதையில் ஓடும், சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் பெட்டியை 1:87-இல் செய்து 16.5-இல் ஓட்டுபவர்கள் உண்டு. அங்கேயும் கணக்கு இடிக்கும். ஆனால் அகலமான உடல் சக்கரங்களை நிழலில் மறைத்துவிடுவதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். மலை ரயிலில் அந்தச் சலுகை கிடையாது.

எடையை யாரும் யோசிப்பதில்லை. அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் 1:87-க்குச் சொல்லும் கணக்கு, முதலில் 28 கிராம், பிறகு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம். ஆறு அங்குலப் பெட்டிக்கு ஏறத்தாழ 112 கிராம். இழுத்துச் செல்லும் ரயிலில் எடை குறைந்த பெட்டி எப்படியோ தப்பித்துவிடும். பின்னாலிருந்து தள்ளும்போது வளைவில் பிதுங்கித் தடம்புரளும். எடையைத் தரையோடு ஒட்டி வையுங்கள். கூரைப் பக்கம் போனால் பெட்டி ஆடும். இரண்டு போகிகளையும் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்) ஒரேபோல் இறுக்கி மாட்டுவதும் தவறு. ஒன்று இடவலமாகத் திரும்பினால் போதும். மற்றது எல்லாப் பக்கமும் லேசாக அசைய வேண்டும். முக்காலி எந்தத் தரையிலும் நிற்பதுபோல் பெட்டி நிற்கும்.

அசல் ஏற்றத்தை அப்படியே மேசையில் கொண்டுவராதீர்கள். அது 8 சதவீதம். மாதிரியிலும் பல் தண்டவாளம் போட்டால்தான் அது நடக்கும். இல்லையென்றால் 2 அல்லது 3 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜன்னல் கண்ணாடியை சூப்பர் க்ளூவால் ஒட்டினால் அதன் ஆவி படிந்து பனி மூடியதுபோல் வெளுத்துவிடும். வெள்ளைப் பசை போதும், காய்ந்ததும் தெரியாது. பெயிண்ட் அடித்து முடித்த பிறகே ஜன்னல். பெயிண்டுக்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பால் பெட்டியைக் கழுவிக் காயவைக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காது. முதலில் வெளிர் நிறம், அது நன்றாகக் காய்ந்த பிறகு டேப் ஒட்டி நீலம். கூரையைக் கழற்ற முடிகிற மாதிரி வையுங்கள். உள்ளே பெஞ்சும் ஆட்களும் பிறகு சேரும்.

எந்த ஆண்டின் ரயில் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். எண்ணெயில் ஓடும்படி மாற்றிய இன்ஜினின் மேல் நிலக்கரியைக் குவித்து வைத்த மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன்.

என் முதல் பெட்டியில் இல்லாதது முகப்பு மாடம். ஏற்றத்தில் ஒவ்வொரு பெட்டியின் முன்முனையிலும் பிரேக் போட ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டு போவார். படங்களை மட்டும் பார்த்தபோது அந்த இடம் ஏதோ அலங்காரம் என்று நினைத்து மூடிவிட்டேன். இரண்டாவது பெட்டியில் மாடம் இருக்கிறது. கொடியைப் பிடித்தபடி ஒரு சின்ன மனிதர் அங்கே நிற்கிறார், குன்னூர் பக்கம் பார்த்துக்கொண்டு.