மீன் தொட்டிக்கு மெல்ல ஒரு விடியல்

காலை 7 மணிக்கு டைமர் விளக்கைப் பட்டென்று போட்டதும் நியான் டெட்ரா என்ற குட்டி மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

வெளிச்சம் மெல்ல ஏற வேண்டும் என்று முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன்: எல்இடி விளக்கின் அடாப்டருக்கு முன்னால் ஃபேன் ரெகுலேட்டர். வெளிச்சம் குறையவில்லை, மினுக்கியது. மின்சாரம் குறைந்தாலும் 12 வோல்ட்டை விடாமல் பிடித்து வைப்பதுதான் அடாப்டரின் வேலை.

சரி, அடாப்டருக்குப் பின்னால் மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டு வெட்டலாம் என்று எல்இடி பட்டையின் மைனஸ் வயரில் ஒரு மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வைத்து, ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகையின் 9ஆம் பின் (pin) வழியாக இயக்கினேன். கையில் இருந்த ஐஆர்எஃப் 540 மாஸ்ஃபெட் கொதித்தது. அது முழுதாகத் திறக்க 10 வோல்ட் வேண்டும், நானோ தருவதோ 5. 5 வோல்ட்டிலேயே திறக்கும் ஐஆர்எல்இசட் 44என் மாற்றியதும் சூடு அடங்கியது. மாஸ்ஃபெட்டை இயக்கும் காலான கேட்டுக்கும் (gate) கிரவுண்டுக்கும் (மைனஸ்) நடுவில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். இல்லாவிட்டால் நானோ விழிக்கும் நொடியில் விளக்கு பளிச்சென்று அடிக்கும். அடாப்டர், நானோ இரண்டின் கிரவுண்டையும் இணைக்க மறந்து ஒரு மாலை வீணானது தனிக்கதை.

நானோவில் வெளிச்ச மதிப்பை 0 (அணைந்த நிலை) முதல் 255 (முழு வெளிச்சம்) வரை சீராக ஏற்றினாலும் தொடக்கத்தில் வெளிச்சம் துள்ளியது. மதிப்பை வர்க்கப்படுத்தி 255ஆல் வகுத்தேன், கண்ணுக்குச் சீரானது. இப்போது விடிய அரை மணி நேரம். வயரை மட்டும் பிளக்குக்குக் கீழே தொங்கும்படி வளைத்திருக்கிறேன், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.