நினைவை நம்புவதற்கு முன்னால் அம்மாவின் நோட்டைப் பாருங்கள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். எனக்கு அப்போது 12 வயது. பெரியப்பாவின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் முக்கிக்கொண்டிருக்கிறேன். மேலே ஸ்டாண்டில் இருக்கும் டிவியில் நாகப்பட்டினத்தில் படகுகள் ரோட்டில் கிடப்பதைக் காட்டுகிறார்கள், பெரியப்பா கையில் வடிகட்டியோடு பாய்லர் பக்கத்தில் அப்படியே நிற்கிறார். இருபது வருஷமாக இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது பன்னில் இருந்த சிவப்பு டூட்டி ஃப்ரூட்டி வரைக்கும் கண்ணில் தெரியும்.

வீடு மாற்றும்போது அம்மாவின் வரவு செலவு நோட்டுகள் ஒரு கட்டாகக் கிடைத்தன. 2004 நோட்டை எடுத்துப் புரட்டினேன். 26ஆம் தேதிக்கு நேராக அம்மா எழுதியிருப்பது இதுதான்: "பெரியவனுக்கு ஜுரம். டாக்டர் 50. மாத்திரை 38. ஆட்டோ 40. ரொட்டி 10." 25லும் ஜுரம், 27லும் ஜுரம். நான் டீக்கடைப் பக்கமே போயிருக்க முடியாது. அதே காட்சிகளைத்தான் டிவியில் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டார்கள், வேறு ஏதோ ஒரு நாள் பெரியப்பா கடையில் பார்த்ததை என் மூளை எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒட்டிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்கு உதவியதை, வீட்டில் செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், ஒரு நினைவு ஆழமாகப் பதிய வேண்டுமா என்பதை உணர்ச்சிதான் முடிவு செய்கிறது. சரியாகப் பதிந்ததா என்பதற்கு அது ஜவாப்தாரி இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் வேலைகள்தான்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம்

பயமோ சந்தோஷமோ பெரிதாக வரும்போது உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது, மூளையில் அமிக்டலா என்ற பாதாம் பருப்பு அளவுள்ள பகுதி விழித்துக்கொள்கிறது, அது பக்கத்தில் இருக்கும், நினைவுகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகேம்பஸிடம் "இதை விட்டுவிடாதே, கெட்டியாகப் பிடித்துக்கொள்" என்று சொல்கிறது. 1994இல் கலிஃபோர்னியாவில் லாரி காஹில், ஜேம்ஸ் மெக்காவ் குழுவினர் இதை அழகாகக் காட்டினார்கள். ஒரு பையன் விபத்தில் அடிபடும் கதையைப் படங்களோடு சொன்னார்கள். சிலருக்கு அதற்கு முன்பே ப்ரோப்ரனோலால் கொடுத்திருந்தார்கள். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் மாத்திரைதான், அட்ரினலின் செய்கிற வேலையைத் தடுக்கும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு விபத்துப் பகுதி மற்றதைவிட நன்றாக ஞாபகம் இருந்தது. ப்ரோப்ரனோலால் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கூடுதல் பதிவு இல்லை. சாதாரணப் பகுதிகளில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஆனால் கெட்டியாகப் பிடிப்பது நடுவில் இருப்பதைத்தான், ஓரங்கள் நழுவிவிடும். சங்கிலிப் பறிப்பில் மாட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கத்தி ஞாபகம் இருக்கும், அதைப் பிடித்திருந்த கை ஞாபகம் இருக்கும், முகம் இருக்காது. ஆயுதத்தின் மீதே கண் போய் நின்றுவிடும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. அதனால் உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ இப்படி நடந்தால், புகார் கொடுக்கப் போகும் முன்பே, அக்கம்பக்கத்தில் பேசுவதற்கும் முன்பே, பார்த்ததை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். "நீல சட்டைதானே?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட ஒரு கேள்வி போதும், நாளைக்கு உங்கள் கண்ணுக்கே நீல சட்டை தெரியும்.

பெரிய சேதி வந்தால் அன்றைக்கே எழுதுங்கள்

1986 ஜனவரி 28இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் பல்கலைக்கழக மாணவர்களிடம், சேதியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை வருஷம் கழித்து அதே கேள்வியைக் கேட்டார்கள். பலர் எழுதியதும் பழைய தாளும் கொஞ்சமும் ஒட்டவில்லை, ஆனால் நம்பிக்கைக்கு மட்டும் குறைச்சலே இல்லை. அவர்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பி வரவில்லை. டீக்கடைப் பன்னை நினைத்து எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

எம்.ஜி.ஆர் இறந்த 1987 டிசம்பர் 24, ராஜீவ் கொல்லப்பட்ட 1991 மே 21, ஐநூறு ஆயிரம் செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பர் 8 இரவு, இப்படி நம் எல்லாரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. அடுத்த தடவை அப்படி ஒன்று நடந்தால் (நல்லதாகவே நடக்கட்டும்) டிவியைப் போடுவதற்கு முன் ஐந்து வரி எழுதுங்கள். எங்கே இருந்தேன், யார் சொன்னார்கள், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், முதலில் வாயில் வந்த வார்த்தை என்ன, அதற்குப் பிறகு உடனே என்ன செய்தேன். தேதியும் நேரமும் போட்டு மடித்து வையுங்கள். வாட்ஸாப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொண்டாலும் சரி. இரண்டு வருஷம் கழித்து, திறப்பதற்கு முன்னால் மறுபடி ஒரு தடவை எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

சின்ன வயது நினைவைச் சோதிப்பது எப்படி

பெரும்பாலானவர்களின் முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதுவாக்கில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஹிப்போகேம்பஸும் முழுசாக வளரவில்லை, நடந்ததைக் கதையாகக் கோக்க மொழியும் போதவில்லை. "தொட்டிலில் படுத்திருந்தது ஞாபகம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம், ஆனால் நம்பவும் வேண்டாம். கதை மறைந்தாலும் உணர்ச்சி மட்டும் தங்கிவிடுவது உண்டு, அது வேறு விஷயம். 1911இல் ஜெனீவாவில் எட்வர்ட் க்ளாபரேட் என்ற மருத்துவர், புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத ஒரு பெண்ணோடு கைகுலுக்கும்போது விரலிடுக்கில் ஒரு குண்டூசியை ஒளித்துவைத்துக் குத்தினார். அடுத்த முறை அந்தப் பெண் கை கொடுக்க மறுத்தார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. (இன்றைக்கு எந்த டாக்டராவது இதைச் செய்தால் லைசென்ஸ் போய்விடும்.)

உங்கள் நினைவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்களை நீங்களே வெளியிலிருந்து பார்க்கிறீர்களா? அந்தக் காட்சி ஆல்பத்தில் போட்டோவாக இருக்கிறதா? கல்யாண வீடுகளில் அத்தை அதைச் சொல்லிச் சிரிப்பாரா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது உங்கள் கண் பார்த்ததாக இல்லாமல் காதில் விழுந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். 1995இல் எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட பிரபலமான ஆய்வில், சின்ன வயதில் கடைத்தெருவில் தொலைந்துபோனதாக நடக்காத ஒரு கதையை 24 பேரிடம் அவர்கள் குடும்பத்தார் சொன்னதாகவே கொடுத்தார்கள். 6 பேர் அது நடந்ததாக ஓரளவோ முழுசாகவோ நினைவுகூர்ந்தார்கள்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? அண்ணன் தங்கையிடம் கேளுங்கள், ஆனால் உங்கள் கதையை முதலில் சொல்லிவிடாதீர்கள். "அன்றைக்குப் பாம்பு வந்தது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் பாம்பு வந்துவிடும். "கொல்லைப்புறத்து வீட்டில் இருந்தப்ப என்னவெல்லாம் ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. அப்புறம் காகிதத்தைத் தேடுங்கள். பள்ளி டிசி, தடுப்பூசி அட்டை, கல்யாணப் பத்திரிகை, போட்டோவின் பின்பக்கம் எழுதிய தேதி, பழைய ரேஷன் கார்டு, பால் கணக்கு. காகிதத்துக்கு உணர்ச்சி கிடையாது, அதுதான் அதன் பெருமை.

குழந்தை பயந்துபோயிருந்தால்

இதுதான் எனக்கு முக்கியமான பகுதி. என் மகளுக்கு நாலரை வயதில் தெருநாய் ஒன்று துரத்தி, விழுந்து முட்டி பெயர்ந்தது. கடிக்கவில்லை. வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், "ஒண்ணுமில்ல, மறந்துடு" என்பதில் தொடங்கி மந்திரிப்பது வரைக்கும். மறந்துடு என்றால் குழந்தை மறக்காது, அதை யாரிடமும் பேசக் கூடாது என்று மட்டும் கற்றுக்கொள்ளும்.

ராபின் ஃபைவுஷ், எலைன் ரீஸ் போன்ற உளவியலாளர்கள் பல வருஷமாக ஆராய்ந்திருப்பது இதைத்தான்: நடந்ததைப் பற்றி அம்மாக்கள் விரிவாக, கேள்வி கேட்டுக் கேட்டுப் பேசினால் பிள்ளைகள் பிற்பாடு தங்கள் வாழ்க்கையை விரிவாக நினைவு வைத்துச் சொல்கிறார்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் முதல் நினைவு அங்குள்ள ஐரோப்பிய வம்சாவளியினரின் முதல் நினைவைவிட முந்திய வயதிலேயே தொடங்குகிறது. பழங்கதையைச் சொல்லிச் சொல்லி வளர்க்கும் வழக்கத்தோடு ஆய்வாளர்கள் அதை இணைக்கிறார்கள்.

அழுகை அடங்கிய பிறகு அவளை மடியில் வைத்துக்கொண்டு, "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "நாய்." "சரி, அப்புறம்?" "ஓடினேன்." "அப்புறம்?" இந்த 'அப்புறம்' என்ற ஒரு வார்த்தை போதும், வேறு எதையும் நாம் ஊட்டத் தேவையில்லை. "எங்கே பயமா இருந்துச்சு?" என்றதற்கு வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். கடைசியில் கதை எங்கே முடிந்தது என்பதையும் அவளையே சொல்ல விட்டேன்: எதிர்வீட்டுத் தாத்தா குச்சியோடு வந்தார், நாய் ஓடியது, தாத்தா வாழைப்பழம் கொடுத்தார். குழந்தைக்கு அந்த வாழைப்பழம் வரைக்கும் போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் கதை நாயோடு நின்றுவிடும்.

செய்யக் கூடாதது, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குழந்தையை நிற்க வைத்து "எவ்ளோ பெரிய நாய் தெரியுமா!" என்று நாம் கதை அளப்பது. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் நினைவு கொஞ்சம் இளகிப் பிறகு மறுபடி உறைகிறது. 2000இல் கரீம் நாடர், ஜோசஃப் லெடூ குழுவினர் எலிகளின் பய நினைவில் இதைக் காட்டினார்கள். இளகியிருக்கும் நேரத்தில் நாயை யானையாக்கிவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. யாரோ தன்னிடம் தப்பாக நடந்துகொண்டதாகக் குழந்தை சொன்னால், மேலே சொன்னபடி விரிவாகத் துருவவே வேண்டாம். குழந்தை சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியோடு எழுதிவிட்டு, குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அழையுங்கள். பிள்ளைகளிடம் தப்பாக நடந்துகொண்டதாகக் கலிஃபோர்னியாவில் 1983இல் கிளம்பிய மெக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கில், விசாரித்தவர்கள் பதிலை உள்ளே வைத்தே கேள்வி கேட்டுக் கேட்டு, ஏழு வருஷம் இழுத்து, கடைசியில் ஒருவர்மீதும் குற்றம் நிரூபணமாகாமல் முடிந்தது. அதேபோல எந்தப் பயமானாலும் ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, பள்ளிக்குப் போக மறுப்பது, படுக்கையை நனைப்பது தொடர்ந்தால் டாக்டரிடம் போங்கள். மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் எண் 14416.

பெரியவர்களான நமக்கு

கோபமாக இருக்கும்போது பழைய கோபங்கள் வரிசை கட்டி வரும். மனநிலைக்கு ஏற்ற நினைவுதான் சுலபமாக எழும் என்பதைக் கார்டன் பவர் என்ற உளவியலாளர் 1981லேயே எழுதினார். ஆகையால் "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று வாய் வரை வந்தால், அந்த 'எப்பவுமே'வை நாளைக்குச் சொல்லுங்கள். பரீட்சை ஹாலில் படித்ததெல்லாம் மறந்துபோவதற்குக் காரணம் பதற்றத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், அது ஏறும்போது உள்ளே இருப்பதை எடுப்பதுதான் கஷ்டமாகிறது. படித்தது எங்கேயும் போகவில்லை, பத்து நிமிஷம் தெரிந்த கேள்விகளை எழுதுங்கள், வரும்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவதாக இருந்தால் 10 முதல் 30 வயது வரையான காலத்தில் தொடங்குங்கள். முதல் சம்பளம், கல்யாணம், முதல் பிரசவம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, எல்லா ஊரிலும் வயதானவர்களுக்கு அந்தப் பகுதிதான் அடர்த்தி. அதற்கும் முந்தைய காலம் வேண்டுமென்றால் வாசனையைக் கொண்டுபோங்கள். மூக்கிலிருந்து அமிக்டலாவுக்குப் பாதை ரொம்பக் குறுகியது, வாசனை எழுப்புகிற நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்கு உட்பட்டவை. என் பாட்டியிடம் "உங்க சின்ன வயசு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டபோது "நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடித்துவிட்டார். இலுப்பெண்ணெய் கொஞ்சம் வாங்கிப்போய் விளக்கேற்றிவிட்டு, "மழை பெய்ஞ்சா வீட்ல எங்க ஒழுகும்?" என்றேன். ஒன்றே கால் மணி நேரம் போன் ரெக்கார்டர் ஓடியது. வயதாக ஆக நல்லதே அதிகம் நினைவில் நிற்கும் என்று லாரா கார்ஸ்டன்சன் போன்ற உளவியலாளர்கள் சொல்வதையும் மறந்துவிடாதீர்கள், தாத்தா தங்கமானவர் என்று பாட்டி இப்போது சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள், பக்கத்தில் சித்தி சொல்வதையும் எழுதி வையுங்கள்.

அம்மாவிடம் 2004 நோட்டைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். "ஆமா, நல்லா ஞாபகம் இருக்கு. உனக்குக் கொதிக்குது, ஞாயித்துக்கிழமை, பாவம் டாக்டரே வீட்டுக்கு வந்து ஊசி போட்டுட்டுப் போனாரு."

"ஆட்டோ 40னு எழுதியிருக்கியேம்மா?"

"அது வேற எதுக்காவது இருக்கும்."