மரத்த காலுக்குச் சர்க்கரையை மட்டும் பழிக்காதீர்கள்

பவானியில் ஜமக்காளம் நெய்கிறவன் நான். குழித்தறியில் உட்கார்ந்தால் மிதிக்கட்டையைக் கண்ணால் தேட வேண்டியதில்லை, கால் பார்த்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கால் என்னைக் கைவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் குனிந்து பார்த்தேன். ஒருநாள் செருப்பு கழன்றது தெரியாமல் கடைவீதி வரை ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறேன். "சர்க்கரை நரம்பைத் தின்கிறது" என்றார்கள். நம்பினேன்.

தின்றதில் மாத்திரைக்கும் பங்கு இருந்தது. உங்களுக்கும் பாதம் மரத்தால், எரிந்தால், முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்தின் பெயர் இருக்கிறதா? கிளிமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்தோடு கலந்த மாத்திரையில் அது இரண்டாவது பெயராக ஒளிந்திருக்கும். அளவும் ஆண்டும் கூடக் கூட, நரம்புக்குத் தேவையான வைட்டமின் பி12-ஐச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சுவது குறையலாம். கல்லீரலில் பல ஆண்டுக்கான இருப்பு உண்டு என்பதால் குறை மெதுவாகத்தான் வெளியே வரும். எனக்கு நாளுக்கு 2,000 மில்லிகிராம், பதினோரு ஆண்டு. போதாததற்கு நெஞ்செரிச்சலுக்குத் தினமும் பான்டோபிரசோல். அதுவும் பி12-ஐக் குறைக்கக்கூடியதுதான்.

அடுத்து, மருத்துவரிடம் பி12 ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கேட்டால்தான் எழுதினார்கள், என் அனுபவம் அது. மருந்துக்கடையில் 'நரம்புச் சத்து' மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் போகாதீர்கள், பரிசோதனையில் எண் ஏறிக் காட்டும். பொதுவாக மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு, 300 வரை சந்தேகம். எனக்கு 142.

ஊசி போட்டார்கள், முதலில் அடுத்தடுத்து, பிறகு மாதம் ஒன்று. மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை. நீங்களாகவும் நிறுத்திவிடாதீர்கள். ரத்தசோகை என்று ஃபோலிக் அமிலம் மட்டும் போட்டுக்கொள்வதும் வேண்டாம்; ரத்தம் தேறும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

சாப்பாட்டில்தான் எங்கள் வீட்டில் சண்டை. "கொள்ளுப் பருப்பு கடைந்து ஊற்றுகிறேன், தம்பி, கால் இரும்பாகிவிடும்" என்றார் அக்கா. கொள்ளு நல்லதுதான், ஆனால் கொள்ளிலும் கம்பிலும் கீரையிலும் பி12 கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், ஈரல், ஆட்டுக்கறி, இவற்றில்தான் இருக்கிறது. நானோ புரட்டாசி முழுக்க, மற்ற மாதங்களில் சனிக்கிழமைதோறும், கறி தொடாதவன். இப்போது தினமும் இரண்டு வேளை தயிர். அது மட்டும் போதாது என்பதால் ஊசியும் தொடர்கிறது.

எட்டு மாதத்தில் மிதிக்கட்டை காலுக்குத் தட்டுப்பட்டது. இடது சுண்டுவிரல் மட்டும் இன்னும் திரும்பவில்லை. அடுத்த பரிசோதனை தை மாதம்.