பி0335 வந்தால் கிராங்க் சென்சாரை உடனே மாற்றலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0335 என்ற குறியீட்டைப் பார்த்தவுடன், இன்ஜினின் கிராங்க் தண்டு சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதைப் பூட்டுவது, தண்டையார்பேட்டையானாலும் மாதவரமானாலும், பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அந்தக் குறியீடு சென்சார் கெட்டுவிட்டதாகச் சொல்வதே இல்லை. சென்சார், வயர், கப்ளர் (வயர் இணைப்பு), ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஆகிய நான்கும் சேர்ந்த சுற்றிலிருந்து வர வேண்டிய சிக்னல் வரவில்லை என்பதை மட்டுமே அது தெரிவிக்கிறது. பி0336 என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் அதன் ஒழுங்கு சரியில்லை என்று பொருள். அப்போது சென்சாரைவிட, கிராங்கோடு சுற்றும் பல்சக்கரத்தின் மீதும், சென்சாருக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியின் மீதும்தான் முதலில் சந்தேகம் எழ வேண்டும்.

பல கார்களில் இந்தப் பல்சக்கரம் அறுபது பற்களுக்கான இடத்தில் 58 பற்களோடு இருக்கும். விடுபட்ட இரண்டு பற்களின் இடைவெளியை வைத்தே கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஈசிஎம் கணிக்கிறது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காதபோது, பியூவல் பம்ப் ஓடவில்லை என்று கண்டு அதை மாற்றுவது செலவு மிகுந்த தவறு. இன்ஜின் சுற்றுகிறது என்ற சிக்னல் கிடைக்காவிட்டால், சாவியைத் திருப்பிய முதல் ஓரிரு விநாடிகளுக்குப் பிறகு பெரும்பாலான வண்டிகளில் ஈசிஎம் பம்பை ஓடவிடாது, ஸ்பார்க்கும் வராது. ஆகவே எந்த ஸ்பேனரையும் எடுப்பதற்கு முன், செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரின் நேரடித் தரவில் ஆர்பிஎம் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். தோராயமாக 150 முதல் 250 வரை நிலையாகக் காட்டினால் தேடலை வேறு பக்கம் திருப்பலாம். பூஜ்யம் காட்டினால், அல்லது எண் துள்ளிக் குதித்தால், இந்தச் சுற்றைச் சோதிக்கக் காரணம் இருக்கிறது. பேட்டரி இறங்கியிருந்தால் செல்ஃப் மெதுவாகச் சுற்றும், காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டு தானே சிக்னலை உண்டாக்கும் சுருள் வகைச் சென்சாரில் சிக்னலும் பலவீனமாகும் என்பதால், பேட்டரியைப் பார்க்காமல் இந்த முடிவுக்கு வருவதும் சரியன்று.

மல்டிமீட்டரைக் கையில் எடுப்பவர்கள் சென்சாரின் வகையைக் கேட்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். சுருள் வகைச் சென்சாரில் ஓம் அளவு பொருள் உடையது. பல வண்டிகளில் சில நூறு ஓம் முதல் ஆயிரத்தைத் தாண்டியும் இருக்கும், சரியான எண் அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில்தான் உண்டு. வெளியிலிருந்து மின்சாரம் பெற்று வேலை செய்யும் ஹால் வகைக்கு ஓம் சோதனையே பொருந்தாது. அதற்கு 5 அல்லது 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா, சுற்றும்போது சிக்னல் மாறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். வயர்களை எண்ணி வகையை முடிவு செய்வதும் ஆபத்து, ஏனெனில் சுருள் வகையிலும் மூன்றாவதாக, மின் இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டு வயர் வரும். சிக்னல் வயரில் சாதாரண பல்பு டெஸ்ட் லைட்டைத் தொட்டு ஈசிஎம்மைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் ஊர்ந்து செல்லும்போது நின்றுபோய், அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும் வண்டியைப் பட்டறையில் ஆறிய நிலையில் அளந்து, எல்லாம் சரி என்று அனுப்பிவிடுகிறார்கள். சுருளின் மெல்லிய கம்பியில் உள்ள விரிசல் சூட்டில் விரிந்தால்தான் சிக்னல் அறும். ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நின்ற நேரத்திலேயே ஆர்பிஎம் பார்க்க வேண்டும், அல்லது ஹேர் டிரையரால் சென்சாரை மிதமாகச் சூடாக்கி அளக்க வேண்டும். வழியில் நின்ற வண்டியின் மீது தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது சோதனையே அன்று: தண்ணீர் வேறு பாகங்களையும் குளிர்விக்கும், கப்ளருக்குள்ளும் இறங்கும்.

காசிமேடு முதல் எண்ணூர் வரை கடற்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகளுக்கும் கப்ளரையே முதலில் திறந்து பார்க்கச் சொல்வேன். பின்களில் பச்சை படிந்திருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும்; ஒரே ஒரு இழை மீதம் இருந்தாலே அது போதும். அந்தப் பீப்பை நம்புவதற்குப் பதிலாக, இன்ஜின் ஓடும்போது ஆர்பிஎம்மைப் பார்த்துக்கொண்டே வயரை அங்கங்கே அசைத்துப் பார்ப்பது மேல். எலி கடித்த இடம், சைலன்சர் பைப்பின் சூடு பட்ட இடம், ஆல்டர்னேட்டரை ஒட்டிச் செல்லும் இடம் ஆகியவற்றில் தனிக் கவனம் தேவை.

கிளட்ச் வேலை முடிந்த கையோடு கோளாறு வந்தால் பல்சக்கரத்தில் வளைவு இருக்கிறதா என்றும், சென்சாரின் காந்த முனையில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிராங்கும் கேம்ஷாஃப்டும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் பி0016 சேர்ந்து வந்தால் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். புதுப்பேட்டையில் பழைய சென்சார் மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் முனையின் நீளம் சற்று மாறினாலும் இடைவெளி மாறி, புதுக் குழப்பம் வரும். சென்சாரை மாற்றிய பின் ஸ்கேனர் வழியாக ரீலேர்ன் (புதிய சென்சாரின் சிக்னலை ஈசிஎம்முக்குப் பழக்குவது) செய்ய வேண்டிய வண்டிகளும் உண்டு. அதைச் செய்யாவிட்டால், சிலிண்டரில் எரிபொருள் எரியாமல் போகும் மிஸ்ஃபயர் இல்லாமலேயே அதற்கான குறியீடு வரலாம், அல்லது மிஸ்ஃபயரைக் கண்காணிப்பதையே ஈசிஎம் நிறுத்தி வைக்கலாம்.