கார் மீன்களின் வம்ச மரத்தை நாமே வரைவது எப்படி?

பரிணாம மரம் வரையப் பழகுகிறவர்கள் சின்னக் குடும்பத்தில் தொடங்குவதுதான் நல்லது. கெண்டைக் குடும்பத்தில் கை வைத்தால் ஆயிரத்துக்கும் மேல் இனங்கள், தலை சுற்றிவிடும். கார் (gar) என்பது நீண்ட தாடையுள்ள ஒரு நன்னீர் மீன். அதன் குடும்பமான லெபிசோஸ்டீடேயில் இன்று இருப்பவை ஏழே இனங்கள். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

படி 1: பெயர்களை எழுதுங்கள்

லெபிசோஸ்டியஸ் பேரினத்தில் நான்கு: நீள்மூக்கு கார், குறுமூக்கு கார், புள்ளி கார், புளோரிடா கார். அட்ராக்டோஸ்டியஸில் மூன்று: அலிகேட்டர் கார், கியூபா கார், வெப்பமண்டல கார்.

படி 2: வெளியாள் ஒருவரைச் சேருங்கள்

ஒப்பிட்டுப் பார்க்கக் குடும்பத்துக்கு வெளியே ஒரு நெருங்கிய உறவு வேண்டும். இங்கே அது போஃபின் (bowfin) என்ற வட அமெரிக்க நன்னீர் மீன். இது கெண்டை, கெளுத்தி பக்கத்து ஆள் என்றே பலர் வெகுகாலம் நினைத்தார்கள். 2010இல் தொல்லுயிரியலாளர் லான்ஸ் கிராண்டே வெளியிட்ட விரிவான எலும்பு ஆய்வும், 2016இல் வந்த புள்ளி காரின் மரபணுத் தொகுப்பும் அதைக் காரோடு சேர்த்துவிட்டன.

படி 3: பண்புகளைச் சலியுங்கள்

மூதாதையிடமிருந்து அப்படியே வந்த பண்பு உதவாது, இந்தக் குடும்பத்தில் புதிதாகத் தோன்றிய பண்புதான் அதற்கு அடையாளம். புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். காரின் உடம்பில் சாய்சதுர எலும்புச் செதில்கள் பளபளவென்று ஒன்றோடொன்று கோத்திருக்கும். போஃபினுக்கோ மெல்லிய செதில். உடனே 'கனத்த செதில், கார் குடும்பத்தின் அடையாளம்' என்று எழுதக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். இன்னும் தூரத்து உறவான ஆப்பிரிக்க பிச்சிர் மீனுக்கும் அதே வகைச் செதில்தான். அப்படியானால் அது மூதாதை வைத்துவிட்டுப் போன பழைய சொத்து. போஃபின் தொலைத்தது, கார் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். காற்றுப்பையால் மூச்சு விடுவதும் செல்லாது, போஃபினும் விடுகிறதே.

செல்லுபடியாகும் பண்பு முதுகெலும்பில் இருக்கிறது. பெரும்பாலான மீன்களின் முள்ளெலும்பு இரு பக்கமும் குழிந்திருக்கும். காருக்கு முன்பக்கம் புடைத்து, பின்பக்கம் மட்டும் குழிந்திருக்கும். மீன்களில் இது அபூர்வம். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: இரண்டாகப் பிரியுங்கள்

செவுள் வளைவின் உட்புறம் சீப்புப் பல் போல நிற்கும் முட்களைப் பாருங்கள். அட்ராக்டோஸ்டியஸில் அவை பெரியவை, தட்டையானவை, எண்ணிக்கையும் அதிகம். லெபிசோஸ்டியஸில் சிறியவை, குறைவானவை. கிளை பிரிந்தாயிற்று.

படி 5: காலத்தைக் குறியுங்கள்

இரு பேரினங்களும் பிரிந்து சுமார் 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் டெக்சாஸ் ஆறுகளில் அலிகேட்டர் காரும் நீள்மூக்கு காரும் கலந்து, இனப்பெருக்கம் செய்யக்கூடிய கலப்பினக் குஞ்சுகளைத் தருகின்றன என்று 2024இல் ஓர் ஆய்வு காட்டியது. எனக்கு இந்தக் குடும்பத்திலேயே பிடித்த சேதி இதுதான். இப்படிக் கலக்க முடிவதற்குக் காரணம், கார்களின் மரபணு மாறும் வேகம் மகா மந்தம். மற்ற மீன்களின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பிரிவு நேற்று நடந்ததுபோலத் தெரியும். அதனால் கிளையின் நீளத்தைப் புதைபடிவங்களை வைத்தே சரிபாருங்கள்.

அப்புறம், இன்றைய ஏழும் வட, மத்திய அமெரிக்காவிலும் கியூபாவிலும் மட்டுமே இருந்தாலும், புதைபடிவங்கள் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியாவிலும் கிடைத்திருக்கின்றன. அந்தக் கிளைகளைப் புள்ளிக்கோட்டில் வரைந்து, அழிந்துபோனவை என்று காட்ட நுனியில் ஒரு சிலுவைக்குறி போட்டுவிடுங்கள்.