கண்டிப்பான கால்பந்துப் பயிற்சியாளருக்கு நினைவுரை எழுதுவது எப்படி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் கால்பந்து ஆடியவர்களுக்கு என்றேனும் ஒரு நாள் இந்த வேலை வந்து சேரும். பதின்ம வயதில் தம்மை ஆட்டிப்படைத்த பயிற்சியாளர் மறைந்துவிட்டார் என்ற செய்தி வரும். அதைத் தொடர்ந்து பள்ளியிலிருந்தோ குடும்பத்தாரிடமிருந்தோ அழைப்பு வரும். "நீங்கள்தான் நாலு வார்த்தை எழுதித் தர வேண்டும்" என்பார்கள். (இங்கே கால்பந்து என்று குறிப்பிடுவது, ஹெல்மெட்டும் தோள்கவசமும் அணிந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்க ஆட்டத்தை.) எழுத உட்கார்ந்ததும் முதலில் தோன்றும் வாக்கியம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: "அவர் மிகவும் கண்டிப்பானவர், ஆனால் தங்கமான மனசு." அந்த வாக்கியத்தை எழுதிவிடாதீர்கள். கண்டிப்பு ஒரு குறை, அன்பு அதற்கான ஈடு என்று அது கணக்கை நேர் செய்துவிடுகிறது. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்ற பழமொழியும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதைச் சொன்னபின் கேட்பவருக்குக் கேள்வி எதுவும் மிஞ்சுவதில்லை. நாம் நேசித்த பயிற்சியாளர்களிடம் அன்பு அந்தக் கண்டிப்புக்கு உள்ளேயே இருந்தது. நாற்பது பையன்களில் எவனுடைய கால் எங்கே பிசகுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர், அது சரியாகும்வரை இருட்டிய பிறகும் வீட்டுக்குப் போகாமல் நின்றார். இரண்டையும் பிரிக்க முடியாத அப்படியொரு செயலைக் கண்டுபிடித்து எழுதுவதே உங்கள் முதன்மையான பணி.

யாரைக் கேட்பது

உங்கள் நினைவை மட்டும் நம்பி எழுதத் தொடங்க வேண்டாம். அணியின் நட்சத்திர வீரர்களிடமும் முதலில் போக வேண்டாம்; அவர்கள் தங்கள் கதைகளைப் பல விருந்துகளில் சொல்லிச் சொல்லி மெருகேற்றியிருப்பார்கள். ஸ்கவுட் டீமில் இருந்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். வரப்போகும் எதிரணியைப் போல வாரம் முழுவதும் நடித்துக் காட்டி, முதல் அணியிடம் அடி வாங்கி, பள்ளி ஆட்டங்கள் வழக்கமாக நடக்கும் வெள்ளிக்கிழமையன்று ஓரத்திலேயே நின்றவர்கள் அவர்கள். அவர்களைப் பயிற்சியாளர் எப்படி நடத்தினார் என்பதில்தான் அவருடைய உண்மையான குணம் தெரியும், ஏனென்றால் அவர்களால் அவருக்கு எந்தப் பெயரும் கிடைக்கப் போவதில்லை. அடுத்து, தண்ணீர்ப் புட்டிகளையும் பந்துகளையும் சுமந்த மாணவ மேலாளர்கள், வார இறுதியில் அவருடன் உட்கார்ந்து ஆட்டப் படச்சுருளை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்த துணைப் பயிற்சியாளர்கள், எதிரணிப் பயிற்சியாளர்கள்.

வகுப்பறையை மறந்துவிடக் கூடாது. அமெரிக்கப் பள்ளிகளில் பயிற்சியாளர் பெரும்பாலும் ஆசிரியராகவும் இருப்பார். பின்னாளில் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணியால் உலகப்புகழ் பெற்ற வின்ஸ் லொம்பார்டிகூட, 1939 முதல் 1947 வரை நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் நகரிலுள்ள செயின்ட் சிசிலியா உயர்நிலைப் பள்ளியில் கால்பந்துப் பயிற்சியோடு லத்தீனும் வேதியியலும் இயற்பியலும் கற்பித்தார். உங்கள் பயிற்சியாளரிடம் வரலாறோ கணிதமோ படித்த, ஒரு நாளும் மைதானத்தில் கால் வைக்காத மாணவி சொல்லும் ஒரு செய்தி, வீரர்கள் பத்துப் பேர் சொல்வதைவிடப் பயன்படக்கூடும்.

அணியை விட்டு விலகியவர்களையும் கேளுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. செய்யாதபோது என்ன ஆகும் என்பதற்கு ஒரு கல்லூரி அணியின் கதை நல்ல எடுத்துக்காட்டு. 1954-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியைப் புதிதாக ஏற்றுக்கொண்ட பயிற்சியாளர் பால் "பேர்" (Bear) பிரையன்ட், ஜங்ஷன் என்னும் சிற்றூரில் கடும் வெயிலிலும் வறட்சியிலும் ஒரு முகாம் நடத்தினார். பயிற்சியின்போது வீரர்களுக்குத் தண்ணீர் தரப்படவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் முகாமை விட்டு வெளியேறினர். அந்த ஆண்டு அணி ஓர் ஆட்டத்தில் மட்டுமே வென்று ஒன்பதில் தோற்றது. 1956-இல் தன் மண்டலப் பட்டத்தை வென்றது. தாக்குப்பிடித்தவர்களின் பெருமிதத்தால் அந்த முகாம் ஒரு வீரகாவியமாகவே நிலைபெற்றுவிட்டது. வெளியேறியவர்களுக்கும் அதே வெயில்தான் அடித்தது, ஆனால் அவர்களுடைய நினைவு அந்தக் காவியத்தில் அதிகம் இடம்பெறவில்லை. உங்கள் பயிற்சியாளரைப் பற்றி விலகியவர் ஒருவர் நல்லதாகச் சொன்னால், அதைவிட வலிமையான சான்று வேறு கிடைக்காது. கசப்பாகச் சொன்னால், நீங்கள் எழுதப்போகும் புகழ்ச்சிக்கு எது வரம்பு என்பது தெரிந்துவிடும்.

கேட்கும்போது "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள், பெயரடைகள்தான் பதிலாக வரும். அவர் உங்களை எதற்காகத் திட்டினார், நீங்கள் காயம்பட்டு ஆட முடியாதிருந்த வாரங்களில் உங்களிடம் என்ன பேசினார், தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு பேருந்தில் எங்கே உட்கார்ந்தார், பள்ளி முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் உங்களைத் தேடி வந்தாரா, வந்தது எதற்காக என்று கேளுங்கள். இறுதிச் சடங்குகளிலும் திருமணங்களிலும் சத்தமில்லாமல் பின்வரிசையில் வந்து நின்றுவிட்டுப் போன பயிற்சியாளர்கள் பலர் உண்டு. கேட்டால்தான் அது வெளியே வரும்.

கண்டிப்பைப் பெயர் சொல்லி எழுதுதல்

"கடுமையாகப் பயிற்சி தந்தார்" என்று எழுதினால், அந்த மைதானத்தில் நிற்காதவருக்கு எதுவும் புலப்படாது. என்ன செய்யச் சொன்னார் என்பதைப் பெயரோடும் அளவோடும் எழுத வேண்டும். உதாரணமாக, "கேஸர்" என்று வீரர்கள் சொல்லும் ஓட்டம். மைதானத்தின் அகலம் 160 அடி, அதாவது 53 கெஜத்துக்குச் சற்று மேல். ஒரு பக்கக் கோட்டிலிருந்து எதிர்க் கோட்டைத் தொட்டுத் திரும்பி, மீண்டும் ஒருமுறை போய்வந்தால் ஒரு கேஸர். ஏறத்தாழ 213 கெஜம், முழு வேகத்தில். இரண்டு மணி நேரப் பயிற்சியின் முடிவில், ஆகஸ்ட் மாத வெயிலில் அதைத் திரும்பத் திரும்ப ஓடச் சொன்னார் என்று எழுதினால் வாசகருக்கே மூச்சு வாங்கும். தரையில் விழுந்து எழும் பயிற்சி, ஸ்லெட் எனப்படும் கனமான சட்டத்தைத் தோளால் முட்டித் தள்ளுவது, அதிகாலை எடைப்பயிற்சி அறை என்று உங்கள் பள்ளியில் எது நடந்ததோ அதை அப்படியே விவரியுங்கள்.

விவரித்த கையோடு, அது எதற்காக என்பதையும் சொல்லிவிடுங்கள். நினைவுரையின் சாரமே இங்குதான் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி ஆட்டத்தின் ஒவ்வொரு கால்பகுதியும் 12 நிமிடம். நான்காவது பகுதியில் இரு அணிகளும் களைத்திருக்கும்போது எவருடைய கால்கள் இன்னும் ஓடுகின்றன என்பதே பல ஆட்டங்களைத் தீர்மானிக்கிறது. ஒருவன் செய்த தவற்றுக்கு அணி முழுவதையும் ஓடவைப்பது அநீதியாகத் தோன்றும். அந்த வயதில் எல்லோரும் அப்படித்தான் முணுமுணுத்திருப்போம். ஆனால் ஆட்டத்தின் விதியே அப்படித்தான் அமைந்திருக்கிறது. பந்து நகர்வதற்கு முன் முன்வரிசையில் ஒருவன் சட்டென்று அசைந்துவிட்டால், மற்ற பத்துப் பேரும் அவனோடு சேர்ந்து 5 கெஜம் பின்னால் போக வேண்டும். பயிற்சியாளர் வெள்ளிக்கிழமை நடக்கப்போவதைச் செவ்வாய்க்கிழமையே நடத்திக் காட்டினார். அவர் விளக்காமல் விட்டதை நீங்கள் விளக்கினால், பிள்ளையைத் திட்டினார் என்று அந்நாளில் மனம் வருந்திய ஒரு தாய்க்குக்கூட அவர் புரிந்துவிடுவார்.

அவர் அடிக்கடி சொன்ன வாசகங்களைச் சேர்க்கும்போது எச்சரிக்கை தேவை. பயிற்சியாளர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாசகங்களைக் கடன் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். வெற்றிதான் எல்லாம் என்ற பொருளில் வழங்கும் பேர்பெற்ற வாசகத்தை லொம்பார்டியுடையது என்றே பலரும் நம்புகிறார்கள். அவருக்கு முன்பே ரெட் சாண்டர்ஸ் என்ற கல்லூரிப் பயிற்சியாளர் அதைச் சொல்லியிருக்கிறார். ஆகவே சுவரொட்டியில் அச்சிடத்தக்க வாசகங்களை விட்டுவிட்டு, அவர் மட்டுமே சொல்லக்கூடிய பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பையனுக்கு வைத்த பட்டப்பெயர், விசில் ஊதுவதற்கு முன் தொண்டையைச் செருமிய விதம், கோபத்தில் பெயர்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டது. அன்று உடனிருந்த இன்னொருவரிடம் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. வசைச்சொற்களைத் தேவாலயத்தில் அப்படியே சொல்ல முடியாது; அதற்காக அவர் வாயில் சாந்தமான சொற்களை வைக்கவும் கூடாது. "அவர் பயன்படுத்திய சொல்லை இங்கே சொல்ல இயலாது" என்றாலே பழைய வீரர்கள் அனைவருக்கும் அது காதில் கேட்டுவிடும்.

தவறாக இருந்தவற்றை என்ன செய்வது

இந்த இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். பயிற்சியில் தண்ணீர் மறுப்பதை உறுதியைப் பழக்கும் வழியாகக் கருதிய காலம் ஒன்று இருந்தது. தலையில் அடிபட்டு நிலைதடுமாறியவனை அடுத்த முறை பந்து ஆட்டத்துக்கு வரும்போதே திருப்பி அனுப்பிய காலமும் இருந்தது. இரண்டும் உயிருக்கே ஆபத்தானவை. 2001-இல் மினசோட்டா வைகிங்ஸ் அணியின் கோரி ஸ்ட்ரிங்கர் என்ற தொழில்முறை வீரரே பயிற்சி முகாமில் வெப்பத் தாக்குதலால் இறந்தார். தலைக்காயம் ஏற்பட்டதாக ஐயம் எழுந்தாலே பள்ளி வீரரை ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும், மருத்துவ அனுமதியின்றித் திருப்பி அனுப்பக் கூடாது என்று வாஷிங்டன் மாநிலம் 2009-இல் சட்டம் இயற்றியது. சில ஆண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களும் அத்தகைய சட்டங்களைக் கொண்டுவந்தன. எனவே "அந்தக் காலத்தில் தண்ணீரே தர மாட்டார், அப்படித்தான் ஆண்பிள்ளைகளாக வளர்ந்தோம்" என்று பெருமையாக எழுதினால், இன்று பயிற்சி தரும் ஓர் இளைஞர் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

உங்கள் பயிற்சியாளர் பிற்காலத்தில் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டிருந்தால், உங்களிடம் இருப்பதிலேயே மிகச் சிறந்த செய்தி அதுதான். அதற்கு ஒரு பத்தி முழுவதும் கொடுங்கள். பிடிவாதக்காரர் ஒருவர் தன் ஐம்பதாவது வயதுக்கு மேல் தான் செய்துவந்தது தவறு என்று ஏற்றுக்கொண்டு மாறியது, எந்தப் பட்டத்தையும்விடப் பெரியது. மாறவில்லையென்றால், தவறு என்று ஒரே வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிட்டு நகருங்கள். காலத்தின் மீது பழியைப் போட்டு நீண்ட விளக்கம் எழுத வேண்டாம். கண்டிப்புக்கும் கொடுமைக்கும் இடையே உள்ள கோட்டை அழித்துவிடாமல் இருப்பது உங்கள் பொறுப்பு. எல்லோரிடமும் ஒரே அளவில் காட்டியது கண்டிப்பு. ஒரு பையனின் உடலையோ நிறத்தையோ வறுமையையோ குறிவைத்து அவமதித்ததைக் கண்டிப்பு என்று எழுதக் கூடாது. அப்படிப்பட்டவருக்கு நினைவுரை எழுதக் கேட்டால், மறுத்துவிடும் உரிமை உங்களுக்கு உண்டு.

எண்களும் வடிவமும்

வெற்றி தோல்விக் கணக்குக்கு இரண்டு வரிகள் போதும். அவற்றைப் பள்ளி ஆண்டு மலர்களிலும், உள்ளூர் நாளிதழின் சனிக்கிழமைப் பதிப்புகளிலும், மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் பதிவுகளிலும் சரிபாருங்கள். நினைவில் நிற்கும் ஆட்ட எண்ணிக்கைகள் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துவிடும். தென் கரோலினாவின் சம்மர்வில் பள்ளியில் 1952 முதல் 2014 வரை பயிற்சியளித்து 621 வெற்றிகள் பெற்ற ஜான் மெக்கிஸ்ஸிக் போன்றவருக்கு எண்ணே செய்தி என்பது உண்மைதான். ஆனால் கலிபோர்னியாவின் டி லா சால் பள்ளி அணியைத் தொடர்ந்து 151 ஆட்டங்களில் வெற்றி பெறச் செய்த பாப் லடூசரைப் பற்றிப் பேசும்போது, வீரர்கள் ஒவ்வொரு வாரமும் தங்கள் வாக்குறுதியை ஓர் அட்டையில் எழுதி, சக வீரரிடம் உரக்கப் படித்துக் கொடுத்த வழக்கமே அதிகம் நினைவுகூரப்படுகிறது. உங்கள் பயிற்சியாளருக்கும் அப்படி ஒரு வழக்கம் இருந்திருக்கும்.

பிறந்த ஊர், படித்த கல்லூரி ஆகியவை நாளிதழ் இரங்கல் செய்தியில் வந்துவிடும். நீங்கள் ஒரு பயிற்சி நாளின் நடுவிலிருந்து தொடங்குங்கள். மேடையில் பேசுவதானால் ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படித்து, நேரம் பார்த்து, மிகுந்ததை வெட்டுங்கள். "நான்" என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் நீங்கள் போட்ட டச்டவுனுக்கு அவருடைய நினைவுரையில் இடமில்லை. சொர்க்கத்து மைதானத்தில் அவர் விசில் ஊதிக்கொண்டிருக்கிறார் என்று முடிக்காதீர்கள். அந்த முடிவை எல்லாப் பயிற்சியாளருக்கும் எழுதியாகிவிட்டது. கடைசியாகச் சொல்ல வைத்திருக்கும் நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு அப்படியே இறங்கிவிடலாம். அதற்கு முன்பே குடும்பத்தாரிடம் முழு உரையையும் காட்டுங்கள், பெயர் குறிப்பிடும் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கேளுங்கள்.

பயிற்சியாளர் இன்னும் உயிரோடு இருந்தால், இதே வேலையை ஒரு கடிதமாகச் செய்யுங்கள். நினைவுரையைவிட அதுவே மேல் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் அவரே படிப்பார். ஒரு பக்கம் போதும். அவர் உங்களிடம் செய்த ஒரு செயல், அது எதற்காக என்று உங்களுக்கு எப்போது புரிந்தது, இன்று அதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். இன்னும் பயிற்சி தருபவராக இருந்தால், ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை அவருக்கு எதையும் நிதானமாகப் படிக்க நேரமிருக்காது; சீசன் முடிந்தபின் அனுப்புங்கள்.