லேத்தில் ஒரு பம்பரம் கடைவோம்

லேத் என்னும் இயந்திரத்தில் மரத்தைச் சுழற்றி, உளியால் வடிவம் கொடுப்பதுதான் மரக்கடைசல். அதைப் பழக ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, விரலால் சுழற்றிவிடும் சின்னப் பம்பரத்தைத்தான். ஒட்டு வேலை கிடையாது, மரமும் கொஞ்சம்தான் ஆகும். கடைந்தது சரியா தப்பா என்று பம்பரமே சுற்றிக் காட்டிவிடும்.

நன்றாகக் காய்ந்த, முடிச்சும் வெடிப்பும் இல்லாத இறுகிய மரத்துண்டு ஒன்று வேண்டும். 5 செ.மீ. சதுரம், 10 செ.மீ. நீளம். மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால், விரலால் பிடித்துச் சுழற்றும் காம்பு மெலிந்ததும் பட்டென்று ஒடிந்துவிடும். உளிகளில், சதுரத்தை உருளையாக்க ரஃபிங் கௌஜ், வடிவம் கொடுக்க ஸ்பிண்டில் கௌஜ், வெட்டிப் பிரிக்க பார்ட்டிங் டூல், இந்த மூன்றும் போதும்.

சில்லு தெறித்தால் கண்ணில் படாதபடி, முகம் முழுவதையும் மறைக்கும் ஒளிபுகும் கவசம் போட்டுக்கொள்ளுங்கள். தொளதொள சட்டை, கையுறை, சங்கிலி எதுவும் வேண்டாம். நீள முடியை இறுக்கிக் கட்டுங்கள். சுற்றுகிற மரம் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

துண்டின் இரு முனையிலும் மூலைக்கு மூலை கோடு போட்டு மையம் குறியுங்கள். ஒரு முனையை, மரத்தைக் கவ்விச் சுழற்றும் சக்கில் 3 செ.மீ. அளவுக்கு இறுக்கி, மறுமுனைக்கு லேத்தின் எதிர்ப்பக்கத் தாங்கியான டெயில்ஸ்டாக்கால் முட்டுக் கொடுங்கள். உளியைத் தாங்கும் கட்டையான டூல் ரெஸ்ட்டை மரத்தின் மூலையிலிருந்து அரை செ.மீ. தள்ளி வைத்து, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கும் இடிக்கவில்லையா? சரி, மரத்துக்கு நேரே நிற்காமல் சற்று விலகி நின்று, நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குள் வைத்து ஓடவிடுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். உளி முதலில் டூல் ரெஸ்ட்டில் உட்கார வேண்டும். அப்புறம் உளியின் சாய்வு முகம் (கூர்முனைக்குப் பின்னால் சரிவாகத் தீட்டிய பகுதி) மரத்தில் சும்மா உரச வேண்டும், வெட்டக் கூடாது. இப்போது கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள். சாய்வு முகம் மரத்தை விட்டு விலகாமலே கூர்முனை இறங்கி, சுருள் சுருளாகச் சீவல் பறக்கும். தூளாகக் கொட்டினால் உளி வெட்டவில்லை, சுரண்டுகிறது. கைப்பிடியைத் தாழ்த்தி மறுபடி உரசலிலிருந்து தொடங்குங்கள். இந்த உணர்வு கைக்கு வரும்வரை பம்பரத்தை மறந்துவிட்டு இதையே செய்யலாம். துண்டு உருளையாகும்போது தடதட சத்தம் அடங்கி ஒரே சீரான ஓசையாகிவிடும்.

உருளை ஆனதும் டெயில்ஸ்டாக் பக்கமிருந்து 3 செ.மீ. காம்புக்கும், அடுத்த 2.5 செ.மீ. உடலுக்கும் பென்சிலால் கோடு போடுங்கள். சக்கிலிருந்து தள்ளி இருக்கும் பக்கத்தைத்தான் முதலில் முடிக்க வேண்டும், அதனால் காம்பிலிருந்து தொடங்குங்கள். 1 செ.மீ. தடிமன் வந்ததும் டெயில்ஸ்டாக்கை விலக்கிவிட்டு, மெல்லிய வெட்டுகளாக 6 மி.மீ. வரை இறக்கலாம். எப்போதும் தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடத்தை நோக்கியே வெட்டுங்கள்.

உடலின் அடிப்பக்கத்தைச் சக்கை நோக்கிச் சரித்துக்கொண்டு போய் 1 செ.மீ. தடிமனுள்ள கழுத்தோடு நிறுத்துங்கள். உடல் அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கட்டும். எடை தரைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் பம்பரம் நின்று சுற்றும். என் முதல் பம்பரம் ஒல்லியாக, உயரமாக அழகாகத்தான் இருந்தது, ஆனால் நாலு சுற்றிலேயே சாய்ந்துவிட்டது.

டூல் ரெஸ்ட்டைக் கழற்றிவிட்டு, தூசிக்கு முகமூடி போட்டுக்கொண்டு 120, 180, 240 எண் உப்புத்தாள்களை வரிசையாகப் போடுங்கள். தேன்மெழுகை ஓடும் மரத்தில் தொட்டு, காகிதத் துண்டால் அழுத்தினால் சூட்டில் உருகி மரத்துக்குள் இறங்கிவிடும். துணியால் செய்ய வேண்டாம், அது விரலோடு சுற்றிக்கொள்ளும்.

டூல் ரெஸ்ட்டைத் திரும்ப மாட்டி, கழுத்தை 3 மி.மீ. வரை மெலிய வெட்டி, லேத்தை நிறுத்திவிட்டுச் சின்ன ரம்பத்தால் அறுத்தெடுங்கள். அறுத்த முனையை உப்புத்தாளில் உருட்டித் தேய்த்து லேசாக மழுக்குங்கள், ஊசிபோல் இருந்தால் தரையில் குத்தி நின்றுவிடும்.

சுழற்றிப் பாருங்கள். தள்ளாடினால் முனை மையத்திலிருந்து விலகியிருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பக்கம் துருத்துகிறதோ அங்கே மட்டும் இரண்டு தேய்ப்பு தேய்த்து, மறுபடி சுழற்றுங்கள். காம்பு ஒடிந்தால் சின்னத் துண்டாகிவிடும் என்பதால், 3 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள் கையில் இதைத் தராதீர்கள்.